எழுத்துக்கு அளவு தந்த கை: பாக்தாதின் வஸீர் இப்னு முக்லாவின் வாழ்வும் படிப்பினையும்

நம்மில் பெரும்பாலோரின் வீட்டுச் சுவரில் ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டம் ஒன்று தொங்கும். பள்ளிவாசலில் மிஹ்ராபுக்கு மேலே கலிமா எழுதப்பட்டிருக்கும். தினமும் ஃபஜ்ருக்குப் பின் நாம் திறந்து ஓதும் முஸ்ஹஃபில் ஒவ்வோர் அலிஃபும் ஒரே உயரத்தில் நிற்கும், ஒவ்வொரு நூனும் ஒரே அளவில் வளைந்திருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை.

நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் எழுத்துப் பயிற்சி கொடுத்த உஸ்தாது, அலிஃப் எழுதியவுடன் அதன் பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் புள்ளிகளை வைத்து எண்ணுவார்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் கூடினாலும் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வார்கள். பிற்பாடு கல்லூரியில் கலை வரலாறு படித்தபோதுதான் அந்தப் புள்ளிக் கணக்குக்குப் பின்னால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர் நிற்கிறது என்று அறிந்தோம். அவர் ஆலிம் அல்லர், சூஃபி அல்லர். அரசாங்க எழுத்தராகத் தொடங்கி மூன்று முறை வஸீராக உயர்ந்தவர். கடைசியில் அந்த எழுதும் கையையே இழந்து சிறையில் இறந்தவர். அவர் பெயர் அபூ அலீ முஹம்மத் இப்னு அலீ. உலகம் அவரை இப்னு முக்லா என்று அறியும்.

எழுத்து அன்று இருந்த நிலை

இறைமறையின் முதல் வஹீயிலேயே கலம் பேசப்படுகிறது. அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே முஸ்லிம்கள் எழுத்தைச் சாதாரணமாகக் கருதவில்லை. முதல் நூற்றாண்டுகளில் திருக்குர்ஆன் பிரதிகள் தோலில், இன்று கூஃபி என்று அழைக்கப்படும் கனமான கோண எழுத்தில் எழுதப்பட்டன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் எழுத நேரம் பிடிக்கும், பழகாதவர்கள் வாசிப்பதும் கடினம். அபுல் அஸ்வத் அத்துஅலீ (மரணம் 688) உச்சரிப்பைக் காட்டும் புள்ளிகளை வகுத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கலீல் இப்னு அஹ்மத், இன்று நாம் பயன்படுத்தும் ஸபர், ஸேர், பேஷ் குறிகளின் முன்வடிவத்தைத் தந்தார். இவை ஓதலைப் பாதுகாத்தன. எழுத்தின் வடிவம் இன்னும் ஒழுங்குக்கு வராமலே இருந்தது.

இதற்கிடையில் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் காகிதம் செய்யத் தொடங்கினார்கள். தோலைவிடக் காகிதம் மலிவு. நூல்கள் பெருகின. நகல் எடுத்து விற்பதையே தொழிலாகக் கொண்ட வர்ராக்குகளின் கடைகள் பெருகின. அப்பாஸிய அரசின் திவான் அலுவலகங்களில் வரிக் கணக்கு, ஆணை, கடிதம் என்று நாள் முழுவதும் எழுத்து வேலை நடந்தது. வேகமாக எழுதுவதற்கான வளைந்த எழுத்து வகைகள் பல தோன்றின. ஒவ்வோர் எழுத்தரும் தமக்குத் தோன்றியபடி எழுதினார். அழகாக எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த அழகை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு கணக்கு இல்லை. கண்ணும் கைப்பழக்கமும்தான் வழி.

மாதம் ஆறு தீனாரில் தொடங்கியவர்

இப்னு முக்லா ஹிஜ்ரி 272இல், அதாவது கிபி 886இல், பாக்தாதில் பிறந்தார். முக்லா என்ற அரபுச் சொல் கண்விழியைக் குறிக்கும். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரை அவருடைய தந்தை சிறு வயதில் கொஞ்சும்போது என் கண்ணே என்ற பொருளில் அழைத்தார் என்றும், அதுவே குடும்பப் பெயராக நிலைத்தது என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. தம்பி அபூ அப்துல்லாஹ் ஹஸனும் எழுத்தில் வல்லவர். நஸ்க் எழுத்தின் சிறப்பைத் தம்பிக்கே உரியதாகச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு.

இளமையில் திவான் ஒன்றில் மாதம் 6 தீனார் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்தார். பாரசீகப் பகுதியில் வரி வசூலிக்கும் பொறுப்பும் பார்த்தார். அக்காலத்தின் பெரும் வஸீரான இப்னுல் ஃபுராத் இவருடைய திறமையைக் கண்டு கைதூக்கிவிட்டார். முக்கியமான கடிதங்கள் இவர் கைக்கு வந்தன. பதவியோடு செல்வமும் வந்தது. ஆனால் பாக்தாத் அரண்மனையில் நன்றி என்பது நீடிக்கும் பொருளாக இல்லை. ஆதரித்தவருக்கு எதிரான அணியிலேயே பின்னர் இப்னு முக்லா சேர்ந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப வரப்போகும் ஒரு பழக்கத்தின் தொடக்கம் இது.

புள்ளி, அலிஃப், வட்டம்

அவருடைய அரசியலை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு, நம் வீட்டு முஸ்ஹஃப் வரை வந்து சேர்ந்திருக்கும் அந்த வேலையை முதலில் பார்ப்போம்.

நாணலைச் சாய்வாக வெட்டிக் கலம் செய்வார்கள். அதன் நுனியை மையில் தோய்த்துக் காகிதத்தில் சாய்வாக வைத்துச் சற்றே இழுத்தால் சாய்சதுர வடிவில் ஒரு புள்ளி விழும். அதுவே நுக்தா. அந்தப் புள்ளிதான் அளவுகோல். புள்ளிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அலிஃபின் உயரம் கிடைக்கும். எத்தனை புள்ளி என்பது எழுத்து வகைக்கு ஏற்ப மாறும். பிற்காலப் பயிற்சி ஏடுகளில் நஸ்க்குக்கு ஐந்து, துலுதுக்கு ஏழு என்று வைப்பது வழக்கம்.

அடுத்து, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். மற்ற எழுத்துகள் எல்லாம் அலிஃபிலிருந்தும் இந்த வட்டத்திலிருந்தும் பிறக்கும். பாவின் நீளம் அலிஃபின் நீளத்துக்குச் சமம். ராவின் வளைவு வட்டத்தில் கால் பங்கு. நூனின் வளைவு அரை வட்டம். ஜீமின் வயிற்றுப் பகுதியும் அப்படியே அரை வட்டத்தில் அடங்கும். இந்த முறைக்கு அல்கத்துல் மன்ஸூப் என்று பெயர். ஒன்றுக்கொன்று அளவால் பொருந்திய எழுத்து என்று பொருள்.

இதன் பயன் என்ன என்று கேட்கலாம். கலத்தின் நுனி தடித்ததாக இருந்தால் புள்ளி பெரிதாகும், அதற்கேற்ப அலிஃபும் வட்டமும் பெரிதாகும். நுனி மெல்லியதானால் எல்லாமே சேர்ந்து சிறிதாகும். உள்ளங்கையில் அடங்கும் முஸ்ஹஃபிலும் பெரிய சுவரிலும் எழுத்துகளுக்கிடையே உள்ள உறவு மாறாது. அதைவிட முக்கியம், அழகு இப்போது கற்றுக்கொடுக்கக் கூடியதாகிவிட்டது. உஸ்தாது பக்கத்தில் இல்லாவிட்டாலும் மாணவன் தன் எழுத்தைத் தானே புள்ளி வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

நஸ்க், துலுது, முஹக்கக், ரைஹான், தவ்கீஃ, ரிகாஃ என்று பிற்காலத்தார் ஆறு எழுத்து வகைகளை வகுத்தார்கள். இவற்றின் வரலாற்றை எழுதுபவர்கள் இப்னு முக்லாவின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். முஸ்லிம்களுக்கும் ரோமர்களுக்கும் இடையிலான உடன்படிக்கை ஒன்று இவர் கையால் எழுதப்பட்டது என்றும், அதன் அழகுக்காகக் கான்ஸ்டாண்டிநோபிளில் ரோமர்கள் அதைப் பாதுகாத்துப் பெருநாட்களில் காட்சிக்கு வைத்தார்கள் என்றும் பழைய இலக்கிய நூல்கள் கூறுகின்றன. அரபு மொழி தெரியாதவர்களும் அந்த எழுத்தை ரசித்தார்கள் என்பதே இந்தச் செய்தி சொல்ல வருவது.

மூன்று கலீஃபாக்கள், மூன்று முறை வஸீர்

கிபி 928இல் கலீஃபா முக்ததிர் இவரை வஸீராக நியமித்தார். மாதம் 6 தீனாரில் தொடங்கியவர் பேரரசின் இரண்டாவது மனிதரானார். ஆனால் அந்தப் பேரரசு அப்போது உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருந்தது. கருவூலம் காலி. படைவீரர்கள் சம்பளம் கேட்டு வீதிக்கு வந்தார்கள். தளபதிகள் கலீஃபாக்களை ஏற்றி இறக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் இவருடைய பதவி போனது. கைது, அபராதம், பின்னர் பாரசீகத்துக்கு நாடு கடத்தல்.

932இல் முக்ததிர் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் காஹிர் கலீஃபாவானதும் இப்னு முக்லாவைத் திரும்ப அழைத்து வஸீராக்கினார். சில மாதங்களிலேயே இப்னு முக்லா தளபதிகள் சிலரோடு சேர்ந்து அந்தக் காஹிரையே இறக்கத் திட்டமிட்டார். திட்டம் வெளிப்பட்டது. கூட்டாளிகள் கொல்லப்பட்டார்கள். இவர் தப்பித் தலைமறைவானார். சில நாள் யாசகர் வேடத்திலும் சில நாள் பெண் வேடத்திலும் பாக்தாதில் வீடு வீடாக மாறி, படைவீரர்களைக் கலீஃபாவுக்கு எதிராகத் தூண்டிக்கொண்டிருந்தார். 934இல் காஹிர் பதவி இழந்தார், அவருடைய கண்களும் பறிக்கப்பட்டன. அடுத்து வந்த கலீஃபா ராழீ, இப்னு முக்லாவை மூன்றாவது முறை வஸீராக்கினார்.

பதவிக் காலத்தில் அவர் கட்டிய மாளிகையைப் பற்றி இப்னு கதீர் போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சோதிடர்களைக் கூட்டி நல்ல நேரம் குறித்து, மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அதற்கு அடித்தளம் போட்டாராம். பரந்த தோட்டத்தின் மேல் பட்டு வலை விரித்து, உள்ளே பலவகைப் பறவைகளையும், வேறு பகுதிகளில் மான்களையும் வளர்த்தார். நீர்ப்பறவை ஒன்றும் நிலப்பறவை ஒன்றும் இணைந்து முட்டையிட்டன என்று சேதி கொண்டுவந்தவருக்கு 100 தீனார் பரிசளித்தாராம். தாம் முதன்முதலில் வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ பதினேழு மாத ஊதியம் அது. படைவீரர்கள் சம்பளத்துக்கு அலைந்த காலத்தில் நடந்தது இது. இவ்வளவு அவசரம் வேண்டாம், கட்டியதெல்லாம் நிலைக்காது என்று கவிஞர் ஒருவர் எச்சரித்தும் பார்த்தார். சில ஆண்டுகளில் அந்த மாளிகை எரிந்தும் இடிந்தும் மண்ணாயிற்று.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நாணல் நுனியின் ஒரு புள்ளி அளவு கூடினாலும் எழுத்து கெடும் என்று உலகுக்குச் சொன்னவர் இவர். அதே மனிதர் தம் வாழ்வில் எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கை மட்டும் போடவில்லை.

இப்னு ஷனபூத் விவகாரம்

மூன்றாவது முறை வஸீராக இருந்தபோது, 935இல், ஒரு வழக்கு அவர் முன் வந்தது. இப்னு ஷனபூத் என்ற கிராஅத் அறிஞர், உஸ்மான் (ரலி) அவர்களின் முஸ்ஹஃபின் எழுத்தமைப்புக்கு ஒத்துவராத சில ஓதல்களைத் தொழுகையிலேயே ஓதிவந்தார். ஏழு கிராஅத்களைத் தொகுத்த இமாம் இப்னு முஜாஹிதும் காஸிகளும் அமர்ந்த சபையில் வஸீர் இவரை விசாரித்தார். அவர் கடுமையாகப் பதில் பேசினார். இப்னு முக்லா அவரைச் சாட்டையால் அடிக்க உத்தரவிட்டார். அடிபட்ட பிறகு, இனி அவ்வாறு ஓதமாட்டேன் என்று இப்னு ஷனபூத் எழுதிக் கொடுத்தார்.

உம்மத் முழுவதும் ஏற்றுக்கொண்ட முஸ்ஹஃபைப் பாதுகாப்பது கடமை என்பதில் அன்றும் இன்றும் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அந்த நோக்கம் சரி. ஆனால் முதிய அறிஞர் ஒருவரைச் சாட்டையால்தான் திருத்த வேண்டுமா என்ற கேள்வி வேறு. அடிபடும்போது இப்னு ஷனபூத், இந்த வஸீரின் கையைத் துண்டித்துவிடு, இவருடைய நிலையைச் சிதறடித்துவிடு என்று அல்லாஹ்விடம் கையேந்தினார் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த நபிமொழியின் கருத்து. பின்னால் நடந்ததை இந்தத் துஆவோடு இணைத்துப் பார்த்தவர்கள் பலர். எது எதனால் நடந்தது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. அந்த அறிவு அல்லாஹ்வுக்கே உரியது.

துண்டிக்கப்பட்ட கை

936இல் மூன்றாவது பதவியும் போனது. அதே ஆண்டு இப்னு ராயிக் என்ற தளபதி, அமீருல் உமரா என்ற பட்டத்தோடு ஆட்சியை முழுமையாகக் கையில் எடுத்துக்கொண்டார். கலீஃபா பெயருக்கு மட்டும் கலீஃபா. இப்னு ராயிக், இப்னு முக்லாவின் நிலங்களையும் அவருடைய மகனின் நிலங்களையும் பறித்துக்கொண்டார். இவர் கெஞ்சிப் பார்த்தார். பயன் இல்லை.

பிறகு பழைய வழிக்கே திரும்பினார். இப்னு ராயிக்கைப் பிடித்துவிடுங்கள், அவருக்குப் பதிலாகத் துருக்கியத் தளபதி பஜ்கமை அழையுங்கள் என்று கலீஃபா ராழீக்கு இரகசியமாக எழுதினார். 938ஆம் ஆண்டு ரமளானின் கடைசி இரவில் வீட்டை விட்டுக் கிளம்பி அரண்மனைக்குச் சென்றார். அன்று இரவு பிறை சூரிய ஒளியில் மறைந்திருக்கும், இரகசிய காரியங்களுக்கு அது உகந்த நேரம் என்ற சோதிடக் கணக்கில்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தார் என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஊரார் பெருநாள் பிறையை எதிர்பார்த்திருந்த இரவு அது.

கலீஃபா அவரைச் சந்திக்கவில்லை. ஓர் அறையில் அடைத்துவைத்துவிட்டு, நடந்ததை இப்னு ராயிக்கிடமே தெரிவித்துவிட்டார். கடிதங்கள் காட்டப்பட்டன. ஷவ்வால் மாதத்தின் நடுவில் இப்னு முக்லாவின் வலக்கை துண்டிக்கப்பட்டது. அவர் திருடவில்லை. மார்க்கம் விதித்த தண்டனையும் அன்று இது. அதிகாரத்தில் இருந்தவரின் பழிவாங்கல் மட்டுமே.

கலீஃபா ராழீக்குப் பின்னர் மனம் உறுத்தியது. காயத்துக்கு மருந்திட தாபித் இப்னு ஸினான் என்ற மருத்துவரை அனுப்பினார். இந்த மருத்துவர் வரலாற்றாசிரியரும்கூட. அதனால் அந்தச் சந்திப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இப்னு முக்லா முதலில் தம் மகனைப் பற்றித்தான் விசாரித்தார். மகன் நலம் என்று கேட்டதும் சற்று அமைதியானார். பிறகு கையை நினைத்து அழுதார். இந்தக் கையால் கலீஃபாக்களுக்குப் பணி செய்தேன், திருக்குர்ஆனை இரண்டு முறை முழுமையாக எழுதினேன், திருடர்களின் கையை வெட்டுவதுபோல் வெட்டிவிட்டார்களே என்று புலம்பினார். சோதனை இதோடு முடியும் என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். அவருக்கோ இன்னும் வரப்போகிறது என்றே பட்டது.

காயம் ஆறியதும் அவர் செய்தவற்றைப் படித்தால் வியப்பும் வருத்தமும் ஒருசேர வருகின்றன. துண்டிக்கப்பட்ட முன்கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதப் பழகினார். இடக்கையாலும் எழுதினார். எழுத்து நன்றாகவே வந்தது. அந்த எழுத்தைக் கொண்டு கலீஃபாவுக்கு மறுபடியும் கடிதம் அனுப்பி, கை இல்லாதது வஸீர் பதவிக்குத் தடையாகாது என்று வாதாடினார். கையைப் பறித்த பதவியையே மறுபடியும் கேட்டார்!

பஜ்கம் பாக்தாதை நெருங்கியபோது, இப்னு முக்லா மீண்டும் சதி செய்வார் என்ற அச்சத்தில் அவருடைய நாக்கையும் துண்டித்தார்கள். சிறையில் பணிவிடைக்கு ஆள் இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க, இடக்கையால் கயிற்றை ஒரு முறை இழுப்பார். அது நழுவாமல் பற்களால் கவ்விக்கொள்வார். மறுபடி இழுப்பார். பட்டு வலைக்குக் கீழே பறவை வளர்த்தவர், ஒளு செய்யும் தண்ணீருக்கு இப்படித்தான் பாடுபட்டார். ஹிஜ்ரி 328 ஷவ்வாலில், கிபி 940 ஜூலையில், அந்தச் சிறையிலேயே மரணமடைந்தார். சாட்டையடி பட்ட இப்னு ஷனபூதும் அதே ஹிஜ்ரி ஆண்டில்தான் இறந்தார்.

முதலில் அரண்மனை எல்லைக்குள் அடக்கினார்கள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் தோண்டியெடுத்து மகனிடம் கொடுத்தார்கள், அவர் தம் வீட்டில் அடக்கினார். பின்னர் மனைவி கேட்டு வாங்கித் தம் வீட்டில் அடக்கினார். மூன்று கலீஃபாக்களிடம் மூன்று முறை வஸீராக இருந்து, மூன்று முறை அடக்கம் செய்யப்பட்டவர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

கை போனது, எழுத்து நின்றது

அவர் எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓர் ஏடுகூட இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அவருடைய மாணவர்கள் கற்றார்கள், அவர்களிடம் வேறு மாணவர்கள் கற்றார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அலீ இப்னு ஹிலால். வாயிற்காவலர் ஒருவரின் மகன் என்பதால் இப்னுல் பவ்வாப் என்று பெயர். இளமையில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டி அலங்கரிக்கும் வேலை பார்த்தவர். பின்னர் ஷீராஸில், ஆட்சியாளர் பஹாவுத் தவ்லாவின் நூலகப் பொறுப்பாளரானார்.

அந்த நூலகத்தில் ஒரு நாள் கறுப்பு அட்டை போட்ட ஜுஸ்வு ஒன்றைக் கண்டெடுத்தார். இப்னு முக்லாவின் கையெழுத்து! தேடித் தேடி 29 ஜுஸ்வுகளைச் சேர்த்துவிட்டார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. விடுபட்டதை நானே எழுதிச் சேர்க்கிறேன், தங்களால் அடையாளம் காண முடியாவிட்டால் பரிசு தாருங்கள் என்று ஆட்சியாளரிடம் கேட்டார். ஓர் அங்கியும் 100 தீனாரும் தருவதாகப் பேச்சு. நூலகத்திலேயே பழைய காகிதம் தேடி எடுத்து, எழுதி, பழைய அட்டை ஒன்றைப் போட்டு வைத்தார். ஓராண்டு கழித்து பஹாவுத் தவ்லா முப்பது ஜுஸ்வுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தும் எது புதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கியும் தீனாரும் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக நூலகத்தில் கிடந்த சீனக் காகிதத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பல ஆண்டுகள் அவற்றில் எழுதிவந்தார் இப்னுல் பவ்வாப்.

அளவு என்பதன் பொருள் இந்த நிகழ்ச்சியில் விளங்குகிறது. எழுதியவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்தும், அவரைப் பார்த்தே இராத ஒருவரால் அவருடைய எழுத்தைத் தொடர முடிந்தது. ஹிஜ்ரி 391இல் இப்னுல் பவ்வாப் தம் கையால் எழுதிய முஸ்ஹஃப் ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

அவருக்குப் பின் யாகூத் அல்முஸ்தஃஸிமீ (மரணம் 1298). 1258இல் மங்கோலியர்கள் பாக்தாதை அழித்தபோது ஒரு மினாராவுக்குள் ஒளிந்துகொண்டு, காகிதம் இல்லாததால் துணியில் எழுதிப் பயிற்சி செய்தார் என்று சொல்வார்கள். அவருக்குப் பின் இஸ்தான்புல்லில் ஷேக் ஹம்துல்லாஹ், ஹாஃபிஸ் உஸ்மான் என்று சங்கிலி நீள்கிறது. இன்று மதீனாவின் மன்னர் ஃபஹத் வளாகத்தில் அச்சாகி உலகெங்கும் ஹாஜிகள் கொண்டுவரும் முஸ்ஹஃபை நஸ்க்கில் எழுதிய உஸ்மான் தாஹாவும் இந்தச் சங்கிலியில் வந்தவர்தான். 2021இல் 16 நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில் அரபு எழுத்துக் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் முன்னோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும் இலங்கையிலும் ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழின் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தார்கள். அதுவே அரபுத் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சில் வெளிவந்த அந்தக் கிதாபுகள் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றின் அலிஃபையும் நூனையும் உற்றுப் பார்த்தால் பாக்தாதில் வகுத்த அந்த அளவின் சாயல் தெரியும். கிடைத்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

நமக்கான படிப்பினை

இப்னு முக்லாவை நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அடைக்க நாம் விரும்பவில்லை. இறைமறையை இரண்டு முறை எழுதிய கை அது. ஓர் அறிஞரைச் சாட்டையால் அடிக்க உத்தரவிட்டவரும் அந்தக் கைக்கு உரியவர்தான். அவருக்கு நேர்ந்தது கொடுமை. அவர் பிறருக்குச் செய்தவற்றிலும் கொடுமை இருந்தது.

நாம் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். அவர் வாழ்நாள் முழுவதும் துரத்தியது பதவியை. அதற்காக உதவியவரைப் பகைத்தார், கலீஃபாக்களை இறக்கினார், கை போன பிறகும் அதையே கேட்டார். அந்தப் பதவியிலிருந்து இன்று எதுவும் மிச்சமில்லை. அவர் போட்ட வரிக் கணக்கும் கட்டிய மாளிகையும் போன இடம் தெரியவில்லை. அலுவல்களுக்கு இடையே, பேரம் பேசாமல், யாரையும் வீழ்த்தாமல், நாணலும் மையும் கொண்டு அமைதியாகச் செய்த ஒரு வேலை மட்டும் நின்றுவிட்டது. பயனளிக்கும் கல்வி, மனிதன் இறந்த பிறகும் அவனைத் தொடரும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததன் பொருளை இங்கே காண்கிறோம்.

நம் பிள்ளைகளில் யாருக்கோ கையெழுத்து அழகாக வரும். யாரோ ஒருவருக்குத் தையலில், மர வேலையில், வரைவதில் கை பழகியிருக்கும். மார்க்குக்கும் சம்பளத்துக்கும் உதவாது என்று நாம் அதை ஒதுக்கச் சொல்கிறோம். அவர்களுக்கு எதைப் பெரிதென்று காட்டுகிறோம் என்பதை ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். நாளை ஃபஜ்ருக்குப் பின் முஸ்ஹஃபைத் திறக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, ஓர் அலிஃபுக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி நிற்கும் என்று கண்ணாலேயே எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை வகுத்தவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, திருக்குர்ஆனுக்காக உழைத்த கைகள் எல்லாவற்றுக்கும் நற்கூலி வழங்குவானாக. நம் கைகளை நன்மையில் நிலைக்கச் செய்வானாக. எதிலும் அளவு மீறாதவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.